‘அரசியல் வேண்டாம்’ என்று விதி எழுதுவதற்கு முன்

நீங்கள் கேட்டதைப் படிப்பவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் வட்டாரத்தில் பழைய ஆவணங்களோடு புழங்குகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் சிறிய வட்டம் ஒன்று. அரசு அலுவலக ரெக்கார்டு ரூம் ஆட்கள், கல்லூரி நூலகர்கள், தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள், ஆய்வு மாணவர்கள், ஏற்காட்டுத் தோட்டங்களின் பழைய கணக்கு வழக்குகளை ஒழுங்குபடுத்தும் உங்களைப் போன்றவர்கள். போன கூட்டத்தில் ஒருவர், வன உரிமைச் சட்டத்தில் மனு போடும் சேர்வராயன் மலை மக்களுக்குப் பழைய பதிவேடுகளை எப்படித் தேடிக் கொடுப்பது என்று ஆரம்பித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அது எந்த ஆட்சியில் யார் நிலம் பறிபோனது என்ற சண்டையாகி, இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ‘இனி இங்கே அரசியல் பேசக் கூடாது’ என்று விதி போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடாதீர்கள். அந்த விதியை நான் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

2018. சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்கத் தொடங்கியிருந்தார்கள். 277 கிலோமீட்டர் சாலை. ஊரெல்லாம் அதே பேச்சு. அப்போது நாங்கள் கூடிக்கொண்டிருந்த வட்டத்தில் ஓர் ஆய்வு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ‘ஒரே கிராமத்தில் ஒருத்தருக்குப் பழைய புலப்பட (வயலின் அளவைக் காட்டும் வரைபட) நகல் கிடைக்கிறது, பக்கத்து வயல்காரருக்குப் பதிவேடு சிதிலமாகிவிட்டது என்று பதில் வருகிறது. சிதிலம் என்று எழுத யாருக்கு அதிகாரம்? அப்படி எழுதியதற்கு ஒரு பதிவேடு உண்டா?’ தலைமை தாங்கியவன் நான். பணியில் இருந்தவர்கள் முகம் இறுகுவதைப் பார்த்தேன். ‘அம்மா, ரோடு அரசியல் நமக்கு வேண்டாம். டீ ஆறுது, சாப்பிடுங்க’ என்று முடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் வரவில்லை.

2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அந்தப் பெண்ணின் கேள்வியோ எந்தப் பக்கத்துக்கும் உரியதில்லை. சாலை வரட்டும், வராமல் போகட்டும். ஒரு பதிவேட்டைச் சிதிலம் என்று யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதற்குத் தடயம் இருக்க வேண்டும். நம் தொழிலில் அதைவிடத் தொழில் சார்ந்த கேள்வி இருக்க முடியாது. ஆனால் எனக்கு அன்று காதில் விழுந்தது ‘ரோடு’ என்ற சொல் மட்டும்தான்.

‘அரசியல் வேண்டாம்’ என்ற விதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். கட்சிப் பேச்சை அது அவ்வளவாகத் தடுக்காது; ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத கேள்வியைத்தான் தடுக்கும்.

நம் வேலையையே எடுத்துப் பாருங்கள். ஒரு கோப்பு முடியும்போது அதன் மேல் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது ஒன்றைப் போடுகிறோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். இந்த இரண்டெழுத்தை எழுதுபவர் ஒரு பிரிவு எழுத்தர். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறார். பட்டியல் சாதி மக்கள் பஞ்சமி நிலம் கேட்டுக் கொடுத்த மனு ஒன்றில் மூ.மு. விழுந்துவிட்டது என்று வையுங்கள். மூன்று வருடம் கழித்து அது கழிவுக் காகிதம். முப்பது வருடம் கழித்து அவர்களுடைய பேரன் வந்து, ‘எங்க தாத்தா அப்பவே மனு கொடுத்தாருங்க’ என்று நின்றால், கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. அந்த எழுத்தருக்கு எந்தக் கட்சி மேலும் பற்றோ பகையோ இருந்திருக்காது. அப்படியிருந்தும் நடந்தது அரசியல்தான்.

பஞ்சமி நிலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1890-களில் வெள்ளைக்கார அரசு பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கிய அந்த நிலங்களை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. ஒரு நிலம் பஞ்சமி நிலமா இல்லையா என்ற வழக்கு, கடைசியில் பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் வந்து நிற்கும். 1980-களில் யு.டி.ஆர். என்ற திட்டத்தில் நில உடைமைக் கணக்குகளைப் புதுப்பித்து எழுதியபோது பழைய குறிப்பு புதிய ஏட்டுக்கு வராமல் போயிருந்தால், பழைய ஏடுதான் ஒரே ஆதாரம். அதைக் கரையான் தின்னாமல் காப்பது நம் வேலை என்றால், அதை ஏன் காக்க வேண்டும் என்று பேசுவது மட்டும் எப்படி வெளி வேலை ஆகும்?

உங்கள் கூட்டத்தில் சண்டையைக் கிளப்பிய வன உரிமைச் சட்டமும் இதே கதைதான். 2006-இல் வந்த சட்டம் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. பழங்குடியல்லாத பிற வனவாசிகள் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம். அதன் விதிகளில், எவையெல்லாம் சான்றாகும் என்ற பட்டியலில் கெசட்டியர் எனும் மாவட்ட விவரச்சுவடி, மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை – நிலவரித்திட்ட அறிக்கைகள், வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன. சொல்லப்போனால் நம் அலமாரியின் பட்டியலைத்தான் அந்த விதி படிக்கிறது. சேர்வராயன் மலையில் எம்.டி. காக்பர்ன் கலெக்டராக இருந்த 1820-களில் காபி வந்தது. அதற்குப் பின் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து எல்லையை வரைந்த காகிதம் எது, அந்த எல்லைக்குள் ஏற்கெனவே இருந்த மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகளைக் குறித்த காகிதம் எது, இரண்டும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்காமல் ஏற்காட்டில் ஆவணக் காப்பாளராக ஒருவர் எப்படி வேலை பார்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: மலையாளி என்றால் இங்கே கேரளத்துக்காரர் இல்லை, மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர்.)

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் பேசலாமா? அதுவும் இல்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு எனக்கு உதவியது 2020 ஜனவரியில் நடந்த ஒரு சண்டை.

உங்களுக்கும் நினைவிருக்கும். ‘துக்ளக்’ பொன்விழாவில் ரஜினிகாந்த், 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைப் பற்றிப் பேசினார். மன்னிப்புக் கேள் என்று ஒரு தரப்பு, கேட்க மாட்டேன் என்று அவர். தமிழ்நாடே கத்தியது, நடந்ததோ நம் ஊரில். எங்கள் வட்டம் சும்மா இருக்குமா? அந்த மாதம் பூஞ்சை பிடித்த காகிதத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். பூஞ்சையை யாரும் பேசவில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவர், தான் அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்ததாகவும் இன்னின்னது நடந்ததாகவும் சொன்னார். அதே வயதுள்ள இன்னொருவர் தானும் நேரில் பார்த்தவன், அப்படி நடக்கவே இல்லை என்றார். ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்று சொல்லாததுதான் பாக்கி.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி நூலகர், ‘ஐயா, ரெண்டு பேரும் சொல்றதைத் தனித்தனியா ரெக்கார்டு பண்ணிக்கலாமா?’ என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. அப்புறம் பேச்சின் திசையே மாறிப்போனது. அந்த வார நாளிதழ்கள் எந்தெந்த நூலகத்தில் இருக்கும்? கட்சிப் பத்திரிகைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? போலீஸ் அனுமதிக் கோப்பு என்று ஒன்று இருந்திருந்தால் எத்தனை வருடத்துக்கு வைத்திருப்பார்கள்? ஐம்பது வருடம் கழித்துச் சொல்லும் நினைவுக்கு என்ன மதிப்பு, எப்படிக் குறித்துவைப்பது? ஒரு பெரியவரின் பேச்சை இரண்டு மணி நேரம் பதிவு செய்தோம். மற்றவரைப் பதிவு செய்வதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. பிறகு அவருக்கு உடம்பு முடியவில்லை.

ஆக, எங்களிடம் இன்று ஒரு தரப்பின் சாட்சியம் மட்டுமே இருக்கிறது. எந்தத் தரப்பு என்று நான் சொல்லப் போவதில்லை.

யார் சொன்னது சரி என்ற தீர்ப்பை அந்தக் கூட்டம் சொல்லியிருந்தால் அது வெறும் டீக்கடைப் பேச்சு. எதை வைத்து ஒருவர் பின்னால் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று தேடப் போனதால் அது நம் தொழிலாயிற்று. நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்: பேசுகிறவர் தன் பேச்சை ஒரு காகிதத்தோடு, ஒரு அலமாரியோடு, ஒரு விதியோடு கட்டிப்போட முடிகிறதா? முடிந்தால் எவ்வளவு சூடான அரசியலாக இருந்தாலும் பேசட்டும். முடியாவிட்டால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயமாகவே இருந்தாலும் வாசலில் போய்ப் பேசிக்கொள்ளட்டும்.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் சுலபமாகப் பொருந்திவிடாது. பெயர் வைக்கும் இடத்தில் சிக்கும். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். 1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகிப் பதினாறு நாள். சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச்சூடு. 22 கைதிகள் செத்துப்போனார்கள். கம்யூனிஸ்ட் கைதிகள், பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இதைப் பற்றிய ஒரு கட்டுக் காகிதம் உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் என்ன தலைப்பு எழுதுவீர்கள்? ‘சிறைக் கலவரம்’ என்றால் செத்தவர்கள் மேல் பழி. ‘சிறைப் படுகொலை’ என்றால் சுட்டவர்கள் மேல் தீர்ப்பு. ‘சேலம் சிறைத் தியாகிகள்’ என்பது கட்சி ஆண்டுதோறும் நினைவுகூரும் பெயர். ‘சம்பவம்’ என்று எழுதித் தப்பிக்கலாம் என்பீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். 22 பேர் செத்ததைச் சம்பவம் என்பதற்கும் ஒரு அரசியல் இருக்கிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: காகிதத்தின் மேலுறையில் இருக்கும் தலைப்பை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், மேற்கோள் குறிக்குள் அப்படியே. கீழே என் சொல்லில், ‘1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறையில் காவலர் துப்பாக்கிச்சூடு, 22 கைதிகள் இறப்பு’. பிறகு தேடுகிறவர்களுக்காக மற்ற எல்லாப் பெயர்களும் ஒரு வரியில். தியாகி என்று தேடுபவரும் கலவரம் என்று தேடுபவரும் ஒரே கட்டில் வந்து சேர வேண்டும். இந்த முடிவுக்கு நான் தனியாக வரவில்லை. இடதுசாரி நண்பர் ஒருவரும், சிறைத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் என் எதிரில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதால் வந்தேன். ‘காவலர்’ என்ற சொல்லை நான் விட்டிருந்தேன். இடதுசாரி நண்பர்தான் யார் சுட்டது என்று கேட்டுச் சேர்க்க வைத்தார். ‘படுகொலை’யை எடுக்க வைத்தவர் மற்றவர். அரசியல் பேசக் கூடாது என்று அன்று நான் மணி அடித்திருந்தால் என் பட்டியலில் இரண்டு தப்பு இருந்திருக்கும்.

எந்தக் கோப்பு பட்டியலில் ஏறுகிறது என்பதும் இதே ரகம்தான். 1882 சேலம் கலவர வழக்கில் சேலம் விஜயராகவாச்சாரியாருக்குக் கீழ்க் கோர்ட்டில் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலை. அதே மனிதர் 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் பிழைத்து, மேல்முறையீட்டுக் காகிதம் செல்லரித்துப் போயிருந்தால் நம் அலமாரியில் அவர் இன்றும் குற்றவாளியாகவே இருப்பார்.

வெளிநாட்டுக்காரர்கள் இதைத் தீர்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1922-இல் இங்கிலாந்தின் ஹிலரி ஜென்கின்சன் எழுதிய கையேடு, ஆவணக் காப்பாளர் என்பவர் தன் விருப்பு வெறுப்பைக் கலக்காமல் வந்ததை வந்தபடி காக்கும் காவல்காரர் என்றது. 1970-இல் அமெரிக்க ஆவணக் காப்பாளர் மாநாட்டில் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஜின், உங்கள் நடுநிலையே போலி, அதிகாரத்தில் இருப்பவர்களின் காகிதம்தான் உங்களிடம் சேர்கிறது என்று நேராகச் சொன்னார். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். கட்டை அவிழ்க்கும்போது ஜென்கின்சன், எந்தக் கட்டு நம்மிடம் வரவே இல்லை என்று யோசிக்கும்போது ஜின்.

அரசியலைத் தவிர்க்கப் போய் அரசியலில் விழுந்த கதை ஒன்றும் அங்கே உண்டு. வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு கண்காட்சிக்காக 2017 பெண்கள் பேரணியின் புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்தது. பேரணியில் சிலர் பிடித்திருந்த அட்டைகளில் அதிபர் டிரம்ப்பைக் குறைசொல்லும் வாசகங்கள். நாங்கள் கட்சி சார்பற்ற நிறுவனம், சர்ச்சை வேண்டாம் என்று அந்த எழுத்துகளை மங்கலாக்கிவிட்டார்கள். 2020 ஜனவரியில் அது வெளியே தெரிந்து, காப்பகம் மன்னிப்புக் கேட்டது. அது அவர்கள் காக்கும் மூல ஆவணம் இல்லை, கண்காட்சிக்காக வாங்கிய படம்தான். இருந்தாலும் காகிதத்தைத் திருத்தாதே என்று ஊருக்குச் சொல்கிற இடத்தில் கைவைத்தது கைவைத்ததுதான். 1996-இல் பெய்ஜிங்கில் உலக ஆவணக் காப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, உண்மையை மறைக்கவோ திரிக்கவோ எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தாலும் எதிர்த்து நிற்கச் சொல்கிறது. எதிர்த்து நிற்பதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசாமல் எப்படி நிற்பது?

நம் தொழிலுக்குக் கிடைத்த பெரிய ஆயுதமே தெருவிலிருந்து வந்ததுதான். ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள், எங்கள் பெயரில் எழுதிய மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்த நாளையும் கூலியையும் குறிக்கும் ஏட்டை) காட்டு என்று 1990-களில் போராடினார்கள். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது. அது வலுவில்லாத சட்டம் என்பது வேறு கதை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எல்லா ஆவணங்களையும் பட்டியலிட்டு அட்டவணை போட்டு வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலகத்தையும் கட்டாயப்படுத்துகிறது. மேலதிகாரியிடம் ரேக் கேட்கும்போது நான் காட்டியது அந்தப் பிரிவைத்தான். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே தகவல் சட்டத்தின் தனிநபர் விவரப் பிரிவைத் திருத்தியது. ஒரு பழைய பதிவேட்டில் இருக்கும் பெயரை நாளை யாருக்குக் காட்டலாம் என்பது அதில் தொங்குகிறது. இதைப் பேசினால் அரசியல் என்பவர்கள், வேறு எதைப் பேசலாம் என்றும் சொல்லட்டும்.

இனி, விதி வேண்டும் என்பவர்கள் பக்கம் இருக்கும் ஒரே வலுவான காரணத்துக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்றவன். ஓய்வூதியம் மாதாமாதம் வந்துவிடுகிறது. என்ன வேண்டுமானாலும் பேசுவேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பணியில் இருப்பவர். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அவர் தலைக்கு மேல் தொங்குகின்றன. அரசின் கொள்கையை வெளியில் விமர்சித்தால் குறிப்பாணை வரும். அதற்கும் அந்தப் பக்கம் இருப்பவர் ஒப்பந்தத்தில் ஸ்கேன் செய்யும் பையன். அவனுக்குக் குறிப்பாணைகூட வராது, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று ஒரு போன் வரும். நான் ஆவேசமாகப் பேசும்போது அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. 2018-இல் அந்தப் பெண் பேசியபோது இறுகிய முகங்கள் எல்லாம் இவர்களுடையவை. அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நான் கேள்வியை அடைத்தேன். கேள்வியை விட்டுவிட்டு ஆட்களைக் காப்பாற்ற வழி தேடியிருக்க வேண்டும்.

வழி அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. போனில் இருக்கும் குழுவைத் தகவலுக்கு மட்டும் வையுங்கள்: கூட்டம் எங்கே, ராமபாணப் பூச்சிக்கு என்ன மருந்து, அமிலம் இல்லாத அட்டை எங்கே கிடைக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிகிற இடத்தில் பணியில் இருப்பவர் மனம்விட்டுப் பேச மாட்டார், பேசவும் கூடாது. சூடான விஷயம் நேரில்தான். அங்கே யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டுக் குறிப்பு எழுத வேண்டாம். என்ன கேள்வி வந்தது, எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பணியில் இருப்பவர் கேட்க விரும்பும் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற கிழம் ஒன்று அதைத் தன் கேள்வியாகக் கேட்டுவிடும். எங்களால் ஆகிற உபகாரம் அதுதான். ‘இது அரசியல், நிறுத்து’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கொடுங்கள். ஆனால் எந்த வாக்கியம், ஏன் என்று அவர் சொல்லியாக வேண்டும். தலைமையை மாதாமாதம் மாற்றுங்கள். நான் அன்று செய்ததை ஒருவரே வருடக்கணக்கில் செய்யாமல் இருக்க அது உதவும்.

கட்சித் தலைவர்களின் பிறந்தநாள் படம், இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள், எங்கள் ஆள் அப்பவே சொன்னார் என்கிற பார்வர்டு இதெல்லாம் ஒரு சொல்லும் பேசாமல் அழிக்க வேண்டியவை. அதற்கு நீண்ட விவாதமே தேவையில்லை. சாதிப் பெருமைப் பேச்சும் அப்படித்தான்; சேலத்தில் அது கட்சிப் பேச்சைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

எழுந்து போன இரண்டு பேரில், வன உரிமை பற்றிப் பேச ஆரம்பித்தவரும் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விதி எழுதுவதற்கு முன் அவருக்குப் போன் செய்யுங்கள். மற்றவருக்கும் செய்யுங்கள், ஆனால் முதலில் இவருக்கு. அடுத்த கூட்டத்தை மேலே ஏற்காட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். அவர் மனுவுக்காகத் தேடிக்கொண்டிருக்கும் ஊரின் பெயரைக் கேட்டு, உங்கள் தோட்டத்து வரைபடக் கட்டில் அந்த ஊர் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் பார்த்து வையுங்கள். இருந்தால் மேசை மேல் விரித்து வையுங்கள். நானும் வருகிறேன், காலை முதல் பஸ்ஸில்.